கிராணி ஐயா பதில்கள்: சொல்லலாமா, வேண்டாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஊர் வேறு, வீட்டு விஷயம் வேறு, ஆனால் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: இதை நான் சொல்லலாமா, வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர்களை எடுத்துவிட்டேன். சில இடங்களில் ஊரையும் மாற்றியிருக்கிறேன்.

— மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து, உங்கள் கிராணி (தோட்ட ஆபீஸ் எழுத்தர்)

கேள்வி: ஐயா, நானும் பக்கத்து வீட்டு அக்காளும் ஒரே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி, நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்த பிறகு, இரண்டு குடும்பமும் ஒரே தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தோம். அவர் மகனுக்குத் தாப்பாவில் பெண் பேசுகிறார்கள். பெண்ணின் அத்தை எனக்குப் போன் போட்டு, “பையன் எப்படிம்மா, உள்ளதைச் சொல்லுங்க” என்றார். பையன் குடிப்பதில்லை, வேலைக்கு ஒழுங்காகப் போகிறான். ஆனால் போன வருஷம் ஆலோங் (சட்டவிரோதமாக வட்டிக்கு விடுகிறவன்) ஆட்கள் வந்து அவர்கள் வீட்டு கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போனார்கள். நான் “அப்புறம் பேசுறேன்” என்று போனை வைத்துவிட்டேன். சொன்னால் அக்காள் முகத்தில் எப்படி விழிப்பேன்? சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் பாவம் என்னைச் சும்மா விடுமா? — பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, “அப்புறம் பேசுறேன்” என்று வைத்தீர்களே, அது நல்ல காரியம். கேட்ட நிமிஷத்திலேயே பதில் கொடுத்தாக வேண்டும் என்று நம்மை யாரும் கட்டிப்போடவில்லை. இப்போது நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் கண்ணால் பார்த்தது என்ன? சாயம். கடன் யாருடையது என்று தெரியுமா? பையனுடையதா, அவன் அண்ணனுடையதா, கூட்டாளிக்கு ஜாமீன் நின்றதா? ஆலோங்காரனுக்குக் கடன் வாங்கியவன் கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கிறவர்களைத்தான் மிரட்டுவான். கடனை அடைத்துவிட்டார்களா என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஆக, “பையன் கடன்காரன்” என்று நீங்கள் சொன்னால் பார்க்காததையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். “அப்பழுக்கில்லாத குடும்பம்” என்றால் பார்த்ததை மறைத்ததாகிவிடும். இரண்டுமே வேண்டாம்.

முதலில் அக்காளிடம் போங்கள். போனில் வேண்டாம், பகலில், வீட்டில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் போய் உட்காருங்கள். “அக்கா, பொண்ணு வீட்டுல எங்கிட்ட விசாரிச்சாங்க. என்னால பொய் சொல்ல முடியாது. அந்தச் சாயம் ஊத்தின விஷயத்தை நீங்களே அவங்ககிட்டச் சொல்லிடுங்க. ரெண்டு நாள் கழிச்சு நான் திருப்பிக் கூப்பிடணும்.” இவ்வளவுதான். அக்காளுக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் முதுகுக்குப் பின்னால் பேசினாள் என்ற சொல் உங்களுக்கு வராது. ஒரே நிரையில் பால் வெட்டியவர்களுக்குள் அந்த மரியாதை இருக்கத்தான் வேண்டும்.

அப்புறம் தாப்பாவுக்குக் கூப்பிடுங்கள். வேலைக்கு ஒழுங்காகப் போவதையும் குடிக்காததையும் மனம் திறந்து சொல்லுங்கள். நல்லதைச் சொல்லும்போது கஞ்சத்தனம் வேண்டாம். “பணம் காசு விஷயத்தை நேரா உட்கார்ந்து அவங்களையே கேட்டுக்குங்க” என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். விவரமான அத்தை என்றால் அதிலேயே புரிந்துகொள்வார். “கடன் இருக்கா?” என்று நேராகவே கேட்டால், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: சாயம் ஊற்றினார்கள், காரணம் எனக்குத் தெரியாது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்று உங்களிடம் யாராவது வருவார்கள். எனக்கு அந்தப் பழமொழி பிடிக்கவே பிடிக்காது. பொய் சொன்ன ஆயிரம் பேரும் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அங்கே குடித்தனம் நடத்தப்போவது அந்தப் பெண் ஒருத்திதான்.

இன்னொன்று. இதை உங்கள் தங்கையிடமோ கோயிலில் பார்க்கும் பெண்களிடமோ சொல்லாதீர்கள். நம் வட்டாரத்தில் சம்பந்தப் பேச்சு சுங்கை சிப்புட்டில் கிளம்பினால் அன்று மாலையே கோலகங்சாரில் இருக்கும். இந்தப் பேச்சு கலைந்தாலும் பரவாயில்லை, அந்தப் பையனுக்கு அடுத்து வரும் இடமும் கலையும்படி நாம் செய்துவிடக் கூடாது. அவர்களாகக் கேட்காமல் இருந்திருந்தால், சாய விஷயத்துக்காக நீங்களே தாப்பாவுக்குப் போன் போடுங்கள் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். பையன் பெண்களை அடிக்கிறவன், வேறு குடும்பம் வைத்திருக்கிறான் என்றால் கேட்காமலே சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்கு வேறு.

கேள்வி: அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று ஈப்போ பெரியாஸ்பத்திரியில் டாக்டர் எங்களிடம் சொன்னார். “அம்மாகிட்ட யாரும் வாயைத் திறக்கக் கூடாது” என்று அண்ணன் கண்டிப்பாக இருக்கிறார். குடல் புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம். நேற்று அம்மா, “ஏண்டி, எல்லாரும் வந்து வந்து பாத்துட்டுப் போறாங்க?” என்று கேட்டார். நான் சமையற்கட்டுக்குப் போய்விட்டேன். — மகள், கம்பார்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரிய கிராணியின் நினைவு வந்தது. எழுபதுகளில் நான் தோட்ட ஆபீசில் சேர்ந்தபோது, படிக்கத் தெரியாதவர்கள் ஊரிலிருந்து வரும் கடிதங்களை எங்களிடம்தான் கொண்டுவருவார்கள். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, கையில் பால் பிசுக்கு காயாமல், நீல நிற ஆகாயக் கடிதத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். பெரிய கிராணி அதை வாங்கி முதலில் வாய்க்குள் ஒரு தடவை படிப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு நாள் ஒரு பெண் கொண்டுவந்த கடிதத்தில் அவள் தாய் இறந்துபோன செய்தி இருந்தது. பெரிய கிராணி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள். “எழுத்து கொஞ்சம் மங்கலா இருக்கு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வா, நிதானமா படிச்சுச் சொல்றேன்” என்று அனுப்பினார். அவள் திரும்பி வருவதற்குள் ஆள் அனுப்பி அடுத்த லயத்திலிருந்த அவள் அக்காளை வரவழைத்தார். இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்து, ஆபீஸ் கதவைச் சாத்தச் சொல்லி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். ஒரு வரியைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அன்று சாயங்காலம் ஒட்டுக்கடையில் நாலைந்து பேர் “என்ன கடுதாசி வந்துச்சு?” என்று கேட்டபோது, “அவங்க வீட்டு விஷயம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

உங்கள் அண்ணனுக்கு அம்மா மேல் பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அம்மாவே கேட்டுவிட்டார் இல்லையா? உடம்பு அவருடையது, பாதி அவருக்கே தெரிந்திருக்கும். இனிமேலும் குடல் புண் என்று சொல்லிக்கொண்டிருந்தால், பயத்தைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லாமல் அவர் தனியாகப் படுத்துக் கிடக்க வேண்டியதுதான். அதனால் நேராக அவரிடமே கேளுங்கள்: “அம்மா, டாக்டர் சொன்னது முழுசும் உங்களுக்குத் தெரியணுமா, இல்ல நாங்க பாத்துக்கிட்டா போதுமா?” எனக்கு வேண்டாம், நீங்கள் பாருங்கள் என்று சொல்லும் தாய்மார்களும் உண்டு. அப்படிச் சொன்னால் விட்டுவிடுங்கள், அது அவர் எடுத்த முடிவு. தெரிய வேண்டும் என்றால், அவருக்கு மனசு ஒட்டிய ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லட்டும். தமிழ் பேசும் டாக்டரோ மிஸ்ஸியோ (நர்ஸோ) இருந்தால் கூட இருக்கச் சொல்லிக் கேளுங்கள். வார்டில் ஆட்கள் பார்க்க வரும் நேரமாக மட்டும் இருக்க வேண்டாம்.

அம்மாவுக்குச் செய்து முடிக்க வேண்டியவை இருக்கும். நகையை யாருக்குக் கொடுப்பது, வீட்டுப் பத்திரம் யார் பேரில் போவது, கல்லுமலைக் கோயிலுக்கு வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடன், கோபித்துக்கொண்டு போன யாரையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை. அதற்கான நாள்களை நாம் மறைத்து வைத்துக்கொள்ளக் கூடாது. இதை அண்ணனிடம் சொல்லுங்கள், ஆனால் அம்மா காதில் விழும்படி இருவரும் சண்டை போட வேண்டாம்.

கேள்வி: குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சித்தப்பா போட்ட செய்தி பொய் என்று ஆதாரத்தோடு எல்லோர் முன்னிலும் எழுதினேன். அவர் குழுவை விட்டே போய்விட்டார். நான் செய்தது தப்பா? — பந்திங்

பதில்: செய்தி பொய் என்றால் நீங்கள் சொன்னது சரி. அறுபது பேர் பார்க்கும் இடத்தில் பெரியவரைத் திருத்தியதுதான் பிசகு. அவருக்குத் தனியாக அனுப்பியிருந்தால் அவரே எடுத்திருப்பார். ஆனால் மருந்து, மதம், இனம் பற்றிய பொய்ச் செய்தி என்றால் காத்திருக்க நேரம் இல்லை. குழுவிலேயே “இந்தச் செய்தி தவறு, யாரும் அனுப்ப வேண்டாம்” என்று எழுதுங்கள், யார் போட்டார் என்பதைத் தொடாதீர்கள். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் இப்படிப்பட்ட செய்திகளுக்காக ஆட்களை விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள் என்பது சித்தப்பாவுக்கும் தெரிந்திருப்பது நல்லது. இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். போகும்போது கைப்பேசியை வெளியில் எடுக்காதீர்கள்.

கேள்வி: திருக்குறளில் ‘யாகாவா ராயினும் நாகாக்க’ என்று படித்தோம். நட்பு அதிகாரத்திலோ நண்பன் வழி தவறினால் இடித்துச் சொல்லச் சொல்கிறார். என் நண்பன் இணையச் சூதாட்டத்தில் பணத்தை விட்டுக்கொண்டிருக்கிறான். வீட்டில் சொன்னால், “நமக்கு எதுக்குப்பா வம்பு, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு” என்கிறார் தாத்தா. எதைக் கேட்பது? — படிவம் ஆறு மாணவன், சுங்கை பட்டாணி

பதில்: தம்பி, நீ சொல்லும் முதல் குறள் 127, அடக்கமுடைமை அதிகாரம். நம் கோபத்துக்கும் திமிருக்கும் போடும் கட்டு அது. இரண்டாவது 784, நண்பன் எல்லை மீறும்போது நாம் செய்ய வேண்டியது. ஒன்று நம்மைப் பார்த்துச் சொன்னது, இன்னொன்று நண்பனைப் பார்த்து. சண்டையே இல்லை. பயனில்லாததைப் பேசாதே என்று பத்துக் குறள் எழுதிய அதே கை, சபையைக் கண்டு பயப்படாதே என்றும் பத்துக் குறள் எழுதியிருக்கிறது.

ஆனால் உன் தாத்தாவைக் குறை சொல்லாதே. அவர் எங்கிருந்து அந்தப் பேச்சைக் கற்றார் என்று சொல்கிறேன். தோட்டத்தில் விடியும் முன்பே பெரட்டு. இருட்டில் வரிசையாக நிற்க வேண்டும், பெயர் கூப்பிடுவார்கள். வேலை வாங்கும் தண்டல், தாயைப் பழித்துத் திட்டினாலும் திருப்பிப் பேச முடியாது. பேசினவனுக்கு மறுநாள் மலைச் சரிவில் தேய்ந்த மரங்களாக ஒரு நிரை கிடைக்கும், இல்லாவிட்டால் பெயரே வெட்டுப்படும். எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இன்னொன்றும் நடந்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி இங்குள்ள இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்து 1960 வரை நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி, அரிசிக்கு அளவு, ராத்திரி காட்டிலிருந்து வரும் கம்யூனிஸ்ட் கொரில்லாவுக்கும் பகலில் வரும் போலீசுக்கும் பதில். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. அந்த மௌனத்துக்கு நான் தலை வணங்குகிறேன்.

கஷ்டம் எங்கே வந்தது என்றால், ஆபத்து போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தது. குடியுரிமைக்கு மனுப் போடும் வழியை அதற்கு முன்னாலேயே ஆபீசில் கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம், பயம். இங்கேயே உழைத்துத் தேய்ந்த ஆயிரக்கணக்கான பேர் அந்தச் சட்டத்தால் வேலை போய்க் கப்பல் ஏறினார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய பாட்டிமார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘ஏன் அப்பவே கேக்கலை?’ என்றால், ‘நம்மள மாதிரி ஆளு கேக்கலாமா?’ என்பார்கள். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதே, பெரட்டில் ஒற்றை ஆளாகப் பேச முடியாததைக் கூட்டமாகப் பேசத்தான்.

உன் நண்பன் விஷயத்துக்கு வருவோம். வகுப்பில் வைத்துச் சொல்லாதே, கிண்டலாகச் சொல்லாதே. மோட்டாரில் கூட்டிக்கொண்டு போய் எங்காவது உட்காரவைத்து, எவ்வளவு விட்டான் என்று கேள். கடைசி வரை கேட்டுவிட்டு, நிறுத்து என்று ஒரே தடவை தெளிவாகச் சொல். அடுத்த மாதமும் ஆடினான் என்றாலோ, கடன் வாங்க ஆரம்பித்தான் என்றாலோ, “உங்க அப்பாகிட்டச் சொல்லப் போறேன்” என்று அவனிடமே சொல்லிவிட்டுப் போய்ச் சொல். அவன் கொஞ்ச நாள் உன்னோடு பேசாமல் இருக்கலாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கோபம் வந்தால் கத்த மாட்டார், அடிக்க மாட்டார். பத்து நாள் பேச மாட்டார். எது வேண்டுமானாலும் மகளிடம் சொல்லி அனுப்புவார். “என் மகன் வாய் பேசாத தங்கம்” என்கிறார் மாமியார். — கூலிம்

பதில்: இதை அடக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோபம் தணிய ஒரு ராத்திரி பேசாமல் இருப்பது நல்லது. பத்து நாள் பேசாமல் இருப்பது உங்களுக்குக் கொடுக்கும் தண்டனை, அதில் பிள்ளையும் சேர்ந்து அனுபவிக்கிறாள். அவர் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள்: “கோவம் வந்தா உடனே பேச வேணாம், சரி. எப்ப பேசுவீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க, நாளைக்கா, மறுநாளா?” மகள் தூது வந்தால், “அப்பாவே வந்து சொல்லட்டும் கண்ணு” என்று அன்பாகத் திருப்பி அனுப்புங்கள். அந்த வேலையிலிருந்து அவளை விடுவிப்பதுதான் முதல் காரியம்.

கேள்வி: துக்க வீட்டில் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. — பாகான் செராய்

பதில்: பேச வேண்டாம். “விதி”, “கொடுத்து வெச்சது அவ்வளவுதான்”, “எப்படி ஆச்சு?” இந்த மூன்றும் கூடவே கூடாது. நாற்காலி போடுங்கள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள், மோட்டார், காரை நிறுத்த இடம் காட்டுங்கள். 16ஆம் நாள் கழிந்து ஆள் அரவம் இல்லாத ஒரு சாயங்காலம் போய் உட்காருங்கள், அவர்களே பேசுவார்கள்.

கேள்வி: அடுத்த வீட்டில் ராத்திரி ராத்திரி அடி, அழுகை. ஐந்து வயசுப் பிள்ளை கையில் பிரம்புத் தழும்பு பார்த்தேன். “குடும்ப விஷயம், தலையிடாதே” என்கிறார் கணவர். — கோலசிலாங்கூர்

பதில்: தலையிடுங்கள். இன்றைக்கே. தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி எண் 15999, எந்த நேரமும் எடுப்பார்கள். அடி நடந்துகொண்டிருக்கும்போது என்றால் 999. குடும்பத்துக்குள் அடிப்பதும் குற்றம்தான் என்று 1994லேயே குடும்ப வன்முறைச் சட்டம் வந்துவிட்டது. பிள்ளை கொடுமைப்படுவது தெரிந்தால் குடும்பத்தாரே சமூகநல அதிகாரியிடம் தெரிவித்தாக வேண்டும் என்று 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் சொல்கிறது. தேதி, நேரம், கேட்டது, பார்த்தது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தப் பெண் தனியாக இருக்கும்போது, “எந்த நேரமானாலும் என் வீட்டுக் கதவைத் தட்டு” என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நீங்கள் போன் செய்ததைத் தாமானில் யாரிடமும் சொல்லாதீர்கள், அவள் கணவன் காதுக்குப் போனால் அடி அவளுக்குத்தான் விழும். உங்கள் கணவர் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்க வேண்டாம்.

கேள்வி: என் கணவர் செம்பனைக் குலை வெட்டும்போது மட்டை விழுந்து தோள் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக கிளினிக்கில் சொல்லச் சொன்னார் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்). “மூணு நாள் ரெஸ்ட் எடு, நான் பாத்துக்கிறேன், வெளிய பேசாத” என்றார். இவரும் அப்படியே சொல்லிவிட்டார். இப்போது கையைத் தூக்க முடியவில்லை. மண்டோர் தூரத்துச் சொந்தம் வேறு. — பீடோர்

பதில்: சொந்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக் காலையில் அதே கிளினிக்குக்குப் போய், “வேலையில் அடிபட்டது, அன்றைக்குப் பயந்து மாற்றிச் சொல்லிவிட்டோம்” என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கார்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் நாளைக்கு எல்லோரும் பார்ப்பார்கள். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு) அறிவிக்க வேண்டும். வேலையில் அடிபட்டு, விபத்து நடந்த நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் டாக்டர் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்திருந்தால், சராசரித் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு சொக்சோவிலிருந்து கிடைக்கும். மண்டோர் மூன்று நாள் என்று கணக்கு வைத்தது ஏன் என்று இப்போது உங்களுக்கே புரியும்.

மண்டோரிடம் கத்த வேண்டாம், வாதாட வேண்டாம். ஆபீசில் விபத்து அறிக்கை கேளுங்கள். யார் பக்கத்தில் இருந்தார்கள், எந்தக் காடு, எத்தனை மணி என்று கணவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கொடுக்க மறுத்தால் நீங்களே நேராக சொக்சோ அலுவலகத்துக்குப் போகலாம், தொழிலாளர் இலாகாவிலும் புகார் கொடுக்கலாம். எக்ஸ்ரே படம், கிளினிக் ரசீது, எம்.சி., சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பாரம் நிரப்பத் தெரியவில்லை என்றால் சுங்கை சிப்புட்டுக்கு வாருங்கள், நான் நிரப்பித் தருகிறேன்.